கணக்கில் ஏறாத தையல்

உடைக்கு வரலாறு எழுதினோர் பலர். வேந்தர் போர்த்த பட்டுக்கு வரலாறு உண்டு. டாக்கா மஸ்லினுக்கு வரலாறு உண்டு. மான்செஸ்டர் ஆலைத்துணி நம் நாட்டுத் தறிகளை முடக்கிய கதையும் எழுதப்பட்டிருக்கிறது. எத்தனை கெஜம் கப்பலேறிற்று, எத்தனை பவுன் இலாபம் வந்தது என்பவெல்லாம் ஏடுகளிலே கிடக்கின்றன. ஆனால், பிறந்த பேரப்பிள்ளைக்கென்று ஒரு பாட்டி அந்திவேளையில் விளக்கடியிலமர்ந்து பின்னிய கம்பளிக் குல்லாய்க்கு எந்த ஏட்டிலே இடமுண்டு? பழஞ்சேலையின் நல்ல பாகத்தை வெட்டிப் பேத்திக்குத் தைத்த பாவாடையை எந்தக் கணக்கப்பிள்ளை பதிந்து வைத்தான்? விற்கப்படாத பொருளுக்கு விலையில்லை. விலையில்லாத பொருளுக்குக் கணக்கில்லை. கணக்கில்லாத உழைப்புக்கு வரலாறுமில்லை என்றாகிவிட்டது. இது நியாயந்தானா என்பதையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

ஆராய்ச்சிக்கு நாம் எடுத்துக்கொள்ளும் இடம் ஒரு குளிர்மலை. பகாங் மாநிலத்துக் கேமரன் மலையின் வடபாகத்தில், திரிங்காப்புக்கும் கம்போங் ராஜாவுக்கும் இடையில், கோலா தெர்லா என்னும் சிற்றூர் இருக்கிறது. ஆறு ஒன்று மற்றொன்றோடு கூடும் வாயை மலாய்மொழியில் கோலா என்பர். தெர்லா ஆற்றின் பெயரால் அமைந்தது ஊர். 1885-ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் கண்டு கூறிய இம்மலைநாடு, நாற்பதாண்டுக் காலம் காடாகவே கிடந்தது. 1925-இல் தானா ராத்தாவில் அரசினர் பயிர்ச்சோதனை நிலையம் அமைத்தனர். 1929-இல் ரஸ்ஸல் என்பார் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் இந்தியரான அகர்வால் குடும்பத்தாரின் பாரத் தோட்டம் எழுந்தது. தோட்டங்கள் பெருகின. அவற்றில் கொழுந்து கிள்ளிய கைகளுட் பெரும்பாலானவை தமிழர் கைகள். அவற்றுள்ளும் பெண்களின் கைகள்.

இம்மலைநாட்டின் குடியிருப்புகள் கடல்மட்டத்துக்குமேல் ஏறக்குறைய 1,100 மீட்டர் முதல் 1,600 மீட்டர் வரையுள்ள உயரத்தில் அமைந்தவை. இரவுக்குளிர் 15 பாகையை நெருங்கும். விடியற்காலையில் மூடுபனி லயத்து வாசல்வரை வந்து நிற்கும். மலாயாத் தோட்டங்களுக்கு வந்த தமிழரோ தஞ்சை, திருச்சி, சேலம், ஆற்காடு முதலிய வெயில் நாடுகளிலிருந்து வந்தோர். இடுப்பில் ஒரு வேட்டியும் தோளில் ஒரு துண்டும் போதுமென்றிருந்த குலத்தார்க்குக் கம்பளி நூல் அந்நியப் பொருள். நீலகிரி, இலங்கை மலையகம், கேமரன் மலை முதலிய குளிர்நாடுகளில் குடியேறிய பிறகே, குழந்தையைக் குளிரினின்று காப்பது எங்ஙனம் என்னும் கேள்வி தமிழ்த்தாயின் முன் நாடோறும் வந்து நின்றது. அக்கேள்விக்கு அவள் கண்ட விடை ஊசி.

சொல்லும் பொருளும்

நெசவுக்குத் தமிழில் சொற்பஞ்சமில்லை. பாவு, ஊடு, தறி, நாடா, அச்சு, விழுது என்று எத்தனையோ சொற்கள். கம்பளி நூலை இரு கம்பிகளால் கோத்து உடையாக்கும் கலைக்கு மட்டும் நமக்குத் தனிச்சொல் இல்லை. கூந்தலுக்கும் கூடைக்கும் வழங்கிய ‘பின்னல்’ என்ற சொல்லையே அதற்கும் ஈந்தோம். சொல் இரவலாக வந்ததாலேயே அக்கலை நம்மிடம் பிந்தி வந்ததென்பது விளங்கும்.

நெசவுக்கும் பின்னலுக்கும் உள்ள வேற்றுமை சிறிதன்று. நெசவில் நெடுக்கோடும் நூல் ஒரு தொகுதி, குறுக்கோடும் நூல் மற்றொரு தொகுதி. அவற்றை இழுத்து நிறுத்தத் தறி வேண்டும். தறிக்கு இடம் வேண்டும். பின்னலுக்கோ ஒரே நூல் போதும். ஒரு கண்ணியினுள் மறு கண்ணியை இழுத்து, அதனுள் மற்றொன்றை இழுத்து, சங்கிலியெனத் தொடர்ந்தால் துணியாகிவிடும். கண்ணிகள் இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும்; ஆகையால் வளரும் பிள்ளையின் உடம்போடு ஒத்து நிற்கும். கண்ணிகளினிடையே காற்றுத் தங்கும். அந்தக் காற்றே உடற்சூட்டை வெளியே போகவிடாது காக்கும். மூத்த பிள்ளைக்குச் சிறுத்துப்போன சட்டையை நுனிநூல் பிடித்து இழுத்தால் முழுதும் அவிழ்ந்து மீண்டும் நூற்பந்தாகும். இளைய பிள்ளைக்கு அதையே திரும்பப் பின்னலாம். தறியும் கூடமும் வேண்டாது, பத்தடி அறையில் வாழும் ஏழைக்கேற்ற கலை இதுவென்பதில் ஐயமென்ன?

இனித் ‘தையல்’ என்னும் சொல்லைக் காண்போம். துணியைத் தைக்கும் தொழிலுக்கும் அப்பெயர். நம் இலக்கியத்திலே பெண்ணுக்கும் அப்பெயர். தொழிலும் தொழில் செய்பவளும் ஒரே சொல்லில் அடங்கியதைப் பெருமையென்று சிலர் கூறலாம். ஆனால், ஔவையார் பெயரால் வழங்கும் ஆத்திசூடி, அத்தையலின் பேச்சுக்குச் செவிகொடுக்க வேண்டாமென்று நம் சிறுவர்க்கு அரிச்சுவடியிலேயே போதித்தது. அவள் தைத்ததை உடுத்தலாம். அவள் சொன்னதைக் கேட்கலாகாது! இருபதாம் நூற்றாண்டில் பாரதியார் புதிய ஆத்திசூடி எழுதியபோதுதான், தையலை உயர்த்த வேண்டுமென்று அந்த நீதியைத் தலைகீழாகத் திருப்பினார்.

போர்வை தந்த வேந்தன்

பழந்தமிழ் நாட்டில் உடைக்கொடைக்குப் புகழ்பெற்றவன் பேகன். மலைச்சாரலில் ஆடிய மயிலைக் குளிரால் நடுங்குவதாக எண்ணித் தன் போர்வையை அதன்மேல் இட்டான் என்ப. அந்த ஒரு செயலால் கடையெழு வள்ளல்களுள் ஒருவனாயினான். ஈராயிரம் ஆண்டு சென்றும் பள்ளிப்பிள்ளைகள் அவன் பெயரை ஒப்பிக்கின்றனர். ஆனால் அதே பேகன், கண்ணகி என்னும் தன் மனைவியைத் துறந்திருந்தான். அவளுக்காகக் கபிலரும் பரணரும் பிற புலவரும் அவனிடம் பரிந்து பேசிய பாட்டுக்கள் புறநானூற்றில் இன்றும் இருக்கின்றன. காட்டு மயிலுக்குப் போர்வை அளித்தவன், வீட்டில் வாடிய பெண்ணுக்கு ஒரு சொல் அளிக்கவில்லை. அந்தப் போர்வையை நூற்றவர் யார், மூட்டியவர் யார் என்பதையும் எந்தப் புலவரும் நமக்குச் சொல்லவில்லை.

கரிகாற்சோழனைக் காணச் சென்ற பொருநனின் உடை, ஒட்டுத்தையல் நிறைந்த கந்தலாக இருந்ததென்று பொருநராற்றுப்படை கூறும். மன்னன் அதைக் களைந்து மெல்லிய புத்தாடை ஈந்தான். அக்கொடை பாட்டாயிற்று. பழையதைப் பலகால் பொறுமையோடு ஒட்டிக்கொடுத்த கை எது என்ற கேள்வியே அங்கு எழவில்லை.

கூலிக்குத் தைப்போருக்கு மட்டும் பெயர் இருந்தது. சிலப்பதிகாரம், புகார் நகரத்துத் தொழிலாளரை வரிசைப்படுத்துமிடத்தில் துணி தைக்கும் துன்னகாரரையும் எண்ணுகின்றது. நூல் நூற்ற பெண்டிரைப் பற்றியும் சங்கப்பாட்டுக்கள் பேசுகின்றன. ஆனால் அவர்களைக் கணவனற்ற பெண்டிராகவே காட்டுகின்றன. ஆதரவற்றவளுக்கு நூற்பு, அதாவது வேறு வழியற்றவளுக்கு விட்டுவைத்த பிழைப்பு. வீட்டுக்கென நூற்றவளும் தைத்தவளும் இலக்கியத்தின் கண்ணிற்படவே இல்லை. கணக்கில் ஏறாமை நேற்று உண்டான நோயன்று என்பதற்கு இவையே சான்று.

நாகர்கோவில் ஊசி

ஊசி தமிழ்ப்பெண்ணின் வரலாற்றை வெளிப்படையாக மாற்றிய காலமும் உண்டு. அதற்கு நாம் தென்திருவிதாங்கூருக்குச் செல்லவேண்டும். அங்கே நாடார் முதலிய சாதிகளிற் பிறந்த பெண்டிர் தோளையும் மார்பையும் மறைத்து ஆடை அணிவது, மேற்சாதியார்க்குச் செய்யும் அவமரியாதையென்று தடுக்கப்பட்டிருந்தது. துணி வாங்கப் பொருளிருந்தும் உடுத்த உரிமையில்லை!

கிறித்தவ ஊழியத்துக்கென நாகர்கோவிலில் வந்து தங்கிய குடும்பங்களின் பெண்மணிகள், 1820-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெண்குழந்தைகட்குப் பள்ளி நடத்தினர். எழுத்தோடு ஊசியும் கற்பித்தனர். மீட் அம்மையார், உடலை மறைக்கும் தளர்ந்த குப்பாயம் ஒன்றை வகுத்துக் கொடுத்தார். அதை அணிந்த பெண்கள் கடைவீதியில் அவமதிக்கப்பட்டனர், ஆடைகள் கிழிக்கப்பட்டன, பள்ளிகள் கொளுத்தப்பட்டன. 1829-இல் வந்த அரச கட்டளை குப்பாயத்தை அனுமதித்து, மேலாடையைத் தடுத்தது. மறுபடியும் கலகம் மூண்டு, 1859-ஆம் ஆண்டு சூலை 26-ஆம் நாள் பிறந்த அறிக்கைக்குப் பின்னரே நாடார் பெண்கள் மார்பை மறைக்க இசைவு கிடைத்தது. அப்பொழுதும் மேற்சாதிப் பெண்டிரைப்போல் உடுத்தலாகாதென்ற நிபந்தனை ஒழியவில்லை. நான்கு முழத் துணியில் போட்ட நாலு தையலுக்காக நாற்பதாண்டுப் போராட்டம் நடந்ததென்றால், ஊசியை அற்பமென்று யார் கூறவல்லார்?

அதே நாகர்கோவிலில் மால்ட் அம்மையார், ரேந்தை எனப்படும் லேஸ் பின்னலைக் கற்பித்தார். திண்டொன்றில் குண்டூசிகளைக் குத்தி, சிறு மரக்கதிர்களில் சுற்றிய நூலை ஒன்றன்மேலொன்றாகத் தாண்டச்செய்து உருவாக்கும் நுண்வேலை அது. ஐரோப்பியர் வீடுகளுக்கு அது விற்பனையாயிற்று. திருவிதாங்கூரில் மனிதரை மனிதர் அடிமையாக வைத்திருந்த காலம் அது. 1855-இல்தான் அடிமைமுறை முற்றிலும் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்னரே, அடிமைக் குடியிற் பிறந்த சிறுமியர் சிலர், லேஸ் பின்னி ஈட்டிய காசைக் கொண்டு தம்மைத் தாமே விடுவித்துக்கொண்டனர் என்று மிஷன் வரலாறுகள் கூறும். தன் விலையைத் தன் விரலாலேயே அடைத்த சிறுமியை நினைத்தால் நம் தலை தாழ்கின்றது.

மால்ட் அம்மையாரின் மகள் எலிசா, 1844-இல் கால்டுவெல் ஐயரை மணந்தார். கணவர் இடையன்குடியிலிருந்து திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை ஆய்ந்து 1856-இல் வெளியிட்டார். மனைவியோ, தாயிடம் கற்ற லேஸ் பின்னலை இடையன்குடிப் பெண்களுக்குக் கற்பித்தார். கணவரின் நூலை நாமெல்லாம் போற்றுகின்றோம், போற்றத்தக்கதே. ஒரே கூரையின்கீழ் நடந்த மற்றப் பணியை எத்தனை பேர் அறிவர்? ஏட்டு நூலுக்குக் கிடைத்த இடம் ஊசி நூலுக்குக் கிடைக்கவில்லை.

ஆயினும் ஒன்று கவனிக்கத்தக்கது. லேஸ் விற்பனை கணக்கில் ஏறிற்று. குப்பாயம் அரச அறிக்கையில் ஏறிற்று. பள்ளியில் ஊசி பிடிக்கக் கற்ற சிறுமி, பின்னாளில் தன் மகளுக்கும் பேத்திக்கும் தைத்துக் கொடுத்த சட்டைகள் எங்கும் ஏறவில்லை. முதல் தலைமுறை அடிபட்டுப் பெற்ற ஆடையுரிமையைப் பின்வந்த தலைமுறைகள் அச்சமின்றி அணிய வழிசெய்தவை அச்சட்டைகளே. சட்டம் உரிமையை எழுதிற்று. பாட்டியின் கை அவ்வுரிமையைக் குழந்தையின் உடலில் மாட்டிற்று.

கடன்பட்ட கம்பளி

தென்னாட்டிலிருந்து கடல் கடந்த தமிழரிடம் மீளுவோம். இலங்கையில் ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் தேயிலை பயிரிட்ட பிறகு, மலைச்சரிவுகளெல்லாம் தேயிலையாயின. அங்கே தொழிலாளர்க்குக் குளிருக்கும் மழைக்குமாகக் கம்பளி வழங்கப்பட்டது. வெள்ளைத் துரைமார் ‘கம்ப்ளி’ என்று தம் ஆங்கிலத்திலேயே அச்சொல்லைச் சேர்த்துக்கொண்டனர். கேட்போர், தோட்டத்தாரின் இரக்கத்தை என்னென்பது என்று வியக்கலாம். அந்தக் கம்பளி இலவசமன்று. அரிசியைப்போலவே பேரேட்டில் தொழிலாளியின் பெயருக்கெதிரே கடனாக ஏறிப் பின்னர்க் கூலியிற் பிடிக்கப்பட்டது. கொழுந்து கிள்ளும் பெண் அதைத் தலையிலும் முதுகிலும் போர்த்து, இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு, பனியில் நனைந்த செடிகளினூடே நின்றாள். பகலில் மழைக்கு மறைப்பாயிருந்த அக்கம்பளி, இரவில் பிள்ளைகளுக்குப் போர்வையாயிற்று. பகற்பயனுக்கும் இராப்பயனுக்கும் சேர்த்துக் கடன் அவள் பெயரிலேயே நின்றது.

மலாயாவிலோ, 1920-களின் இறுதியில் இந்தியத் தொழிலாளர்க்கென அரசினர் வகுத்த தரக்கூலி, முக்கிய வட்டாரங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ஆணும் பெண்ணும் உண்ணும் அரிசிக்குக் கடைக்காரன் ஒரே விலைதான் கேட்டான். குளிரும் இருவரையும் ஒரேவிதமாகத்தான் வாட்டிற்று. கூலியில் மட்டும் பத்துக்காசு குறைந்தது. விடியுமுன் எழுந்து சமைத்து, கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டு, மாலைவரை வேலை செய்து, வீடுதிரும்பி மறுபடியும் சமைத்து, அதற்குப் பிறகு கிடைக்கும் அரைமணி நேரத்தில் பிள்ளையின் கிழிசலைத் தைத்தாளே, அந்த அரைமணிக்கு அந்த நாற்பது காசில் ஒரு காசேனும் உண்டா?

ஜப்பானியர் மலாயாவை ஆண்ட 1942 முதல் 1945 வரையிலான காலம் ஊசியின் அருமையை உணர்த்திய கொடுங்காலம். சயாம்-பர்மா இருப்புப்பாதை வேலைக்குத் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் கொண்டுபோகப்பட்டனர். அவர்களுள் திரும்பாதோர் மிகப்பலர். கப்பல்கள் நின்றன, துணி வருவது நின்றது. அரிசிச்சாக்கைப் பிரித்து உடுத்திய நிலைக்குத் தோட்டத்து மக்கள் வந்தனர். முரட்டுச் சாக்கு, குழந்தையின் தோலை அறுக்காதபடி உள்ளே பழந்துணி வைத்துத் தைப்பதும், ஒரு சேலையை இரண்டாக்கி இருவர் மானத்தைக் காப்பதும் யார் செய்த வேலை? போர்க்காலப் பேரேடுகளில் சுடப்பட்ட தோட்டாவுக்குக் கணக்குண்டு, இதற்கில்லை.

மேல்நாட்டிலும் நிலை வேறன்று. 1914-இல் மூண்ட பெரும்போரில், அகழிகளில் நின்ற போர்வீரர்க்குக் காலுறையும் கழுத்துத்துணியும் வேண்டியிருந்தன. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் தாய்மாரையும் பாட்டிமாரையும் பின்னச்சொல்லி வேண்டுகோள்கள் எழுந்தன. செஞ்சிலுவைச் சங்கத்தார் எண்ணி எண்ணி வாங்கி அனுப்பினர். பேரனுக்குப் பின்னிய காலுறை வீட்டு விஷயமாயிருந்தது. அதே பேரனுக்கு இராணுவ உடை மாட்டியபின் அது தேசிய சேவையாயிற்று! அரசுக்குத் தேவைப்படும்போது மட்டும் பெண்ணின் ஊசி கணக்கில் ஏறுகிறதென்பதை இதனினும் தெளிவாகக் காட்டவேண்டுமோ?

இயந்திரம் வந்த கதை

தையலின் சுமையைக் குறைக்க இயந்திரம் வந்தது. பிரான்சில் திமோனியே என்னும் தையற்காரர் 1830-இல் ஓர் இயந்திரத்துக்கு உரிமை பெற்றார். படைவீரர் உடை தைத்த அவருடைய பட்டறையை, பிழைப்புக்கு அஞ்சிய தையற்காரர்களே தாக்கி உடைத்தனர். அமெரிக்காவில் ஹோவே 1846-இலும், சிங்கர் 1851-இலும் உரிமை பெற்றனர். சிங்கர் கம்பெனியார் 1856-இல் தவணைமுறையில் விற்கத் தொடங்கினர். அதன் பயனாக இயந்திரம் ஏழைவீட்டிலும் புகுந்தது; கூடவே கடனும் புகுந்தது.

1924-இல் காந்தியாரை இளைஞர் ஒருவர், நீங்கள் எல்லா இயந்திரத்தையும் எதிர்ப்பவரோ என்று வினவியபோது, அவர் சிங்கர் தையல் இயந்திரத்துக்கு விலக்களித்தார். மனைவி கையால் தைத்து வருந்துவதைக் காணப்பொறாத கணவனின் அன்பில் பிறந்தது அது என்பது அவர் கூறிய காரணம். அன்பைப் பற்றிய அக்கதை எவ்வாறாயினும் ஆகுக. நாம் கேட்பது வேறு. மனைவியின் வருத்தத்தைக் கண்ட கணவனுக்கு, ஊசியைத் தானும் சிறிதுநேரம் பிடிக்கலாமென்று தோன்றாதது ஏன்? கடைத்தெருவில் கூலிக்குத் தைக்கும் தையற்காரர் பெரும்பாலும் ஆடவரே. காசு வரும் இடத்தில் ஆணின் விரலுக்கு ஊசி பிடிக்கத் தெரிகிறது. காசு வராத வீட்டில் மட்டும் அது பெண்ணின் இயல்பென்கிறார்கள். இயல்பாவது! பழக்கமென்பதே பொருந்தும்.

இயந்திரம் பெண்ணுக்கு நன்மையே செய்யவில்லையென்று நாம் கூறவில்லை. தமிழ்நாட்டில் 1975-இல் அரசு தொடங்கிய இலவசத் தையல் இயந்திரத் திட்டம், கைம்பெண்களுக்கும் கைவிடப்பட்டோர்க்கும் உடற்குறையுடையோர்க்கும் வறியோர்க்கும் உழைத்துண்ணும் வழியைக் காட்டிற்று. ஒடுக்கப்பட்ட மக்களிடையே தோன்றி அமைச்சராக உயர்ந்த சத்தியவாணி முத்து அம்மையாரின் பெயரைப் பின்னர் அது தாங்கிற்று. சங்ககாலத்தில் கணவனற்றவளுக்கு நூற்பு. நம் காலத்தில் தையல். ஆனால் ஒரு வேறுபாடு: இவள் ஓட்டும் இயந்திரம் இவளுடைய உடைமை.

மறுபுறத்தையும் காணவேண்டும். இன்று உலகுக்குப் பின்னலாடை அனுப்பும் நகரங்களுள் திருப்பூர் பெயர்பெற்றது. தமிழ்நாட்டின் கொங்குச் சீமையில் அயல்நாட்டுக் குழந்தைகளுக்கான சட்டைகள் இலட்சக்கணக்கில் தைக்கப்படுகின்றன. அத்தொழிலுக்கு நூல் தரும் ஆலைகள் சிலவற்றில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற மங்கலப் பெயரால், திருமணமாகாத ஏழைப்பெண்களை மூன்றாண்டுகள் விடுதியில் அடைத்து, முடிவில் ஒரு தொகை தருவதாகக் கூறி வேலைவாங்கிய கொடுமை இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் வெளிப்பட்டது. வரதட்சணைக்கென்று வந்த பெண், யாரோ ஒருவருடைய பேரக்குழந்தையின் சட்டைக்கு நூல் நூற்றாள். கணக்கில் ஏறிவிட்டால் மட்டும் பெண்ணின் உழைப்பு மதிப்புப் பெற்றுவிடாது. கணக்கு நேர்மையாகவும் இருக்கவேண்டுமென்பதை இது அறிவுறுத்துகின்றது.

மொய்யேட்டில் இல்லாத கொடை

நம் சமூகத்தில் குழந்தைக்குக் கொடுக்கும் பொருள்களுக்கென்றே தனிக்கணக்கு ஒன்றுண்டு. அதுதான் மொய்யேடு. காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர், பொன்வளையல், வெள்ளி அரைஞாண், கொலுசு எல்லாம் சபையறிய வரும், எழுதப்படும், திரும்பச் செய்யவேண்டிய கடனாகும். சீர்செய்யக் கடன்வாங்கி, அக்கடனை அடைக்கக் காடு நிலத்தை விற்ற குடும்பங்கள் எத்தனை! பெரியார் 1929 டிசம்பரில் மலாயாவுக்கு வந்து தமிழரிடையே பேசிய காலம் முதலாக, சடங்குச் செலவைச் சுருக்குக என்று சீர்திருத்தக்காரர் கூறிவந்ததன் காரணம் இதுவே.

பாட்டி பின்னிய சட்டை மொய்யேட்டில் ஏறுவதில்லை. அதற்கு எதிர்மொய் செய்யவேண்டியதுமில்லை. யாரையும் கடனாளியாக்காத கொடை அது. அதன் அளவு கடைச்சட்டையின் அளவன்று. கடைக்காரன் இரண்டு வயது, நான்கு வயது என்று எல்லாப் பிள்ளைகளையும் சில எண்களில் அடக்குகிறான். பாட்டியோ ஒரு பிள்ளையின் தோளை மனத்தில் வைத்துக் கண்ணிகளை எண்ணுகிறாள். பாவாடையின் உட்புறத்தில் இரண்டு மூன்று மடிப்பு வைத்துத் தைப்பது நம் வீடுகளின் பழைய வழக்கம். பேத்தி வளர வளர ஆண்டுக்கொரு மடிப்பைப் பிரித்துவிடுவர். பிரித்த இடத்தில் வெயில்படாத துணி புதுநிறத்தோடு தெரியும். அந்தக் கோடுகளைப் பார்த்தே பிள்ளை எத்தனை ஆண்டு வளர்ந்ததென்று கூறிவிடலாம். அதுவும் ஒருவகைக் கணக்கே. தாளில் எழுதாது துணியில் எழுதிய கணக்கு.

நீலகிரித் தோடர் இவ்வகையில் நமக்கு ஆசிரியராவர். வெண்ணிறப் பருந்துணியில், சிவப்பும் கருப்புமான நூலால், இழைகளை எண்ணி எண்ணித் தோடப் பெண்கள் பூவேலை செய்வர். பூத்துக்குளி என்னும் அப்போர்வையை ஆணும் பெண்ணும் போர்த்துவர்; இறந்தோரையும் அதிலேயே பொதிவர். பிறரால் எண்ணப்படாத சிறுகூட்டமாயினும், தம் பெண்டிரின் ஊசிவேலையைத் தம் வாழ்வின் நடுவிடத்தில் வைத்தனர். 2013-இல் அக்கலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, அரசுப்பதிவேடு பிந்திவந்து அதைக் கண்டுகொண்டது.

நாம் செய்யவேண்டுவது

கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களில் இன்று வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தோர் பலர் வேலை செய்கின்றனர். தமிழ்க் குடும்பங்கள் பல சமவெளி நகரங்களுக்கு இறங்கிவிட்டன. ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் வியர்வை சொட்ட வாழும் பேரனுக்குக் கம்பளிச்சட்டை எதற்கு? மலைமேலிருக்கும் பாட்டியின் வீட்டுக்கு வரும்போதுதான் அது அவனுக்குத் தேவை. ஆகவே கோலா தெர்லா போன்ற ஊரில் பின்னப்படும் ஒவ்வொரு சட்டையும் ஓர் அழைப்பு. அதைப் பெட்டியில் பூட்டிவைத்துவிட்டுப் பாட்டியின் அன்பைப் புகழ்வதால் பயனொன்றுமில்லை. அணிந்துகொண்டு மலையேறுவதே அதற்கேற்ற மறுமொழி.

அன்பென்ற பெயரால் உழைப்பை மறைத்தலும் ஆகாது. இந்தியாவில் 2019-இல் நடந்த நேரப்பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லா வீட்டுவேலையில் ஈடுபடுவோருள் பெண் நாளொன்றுக்கு 299 நிமிடமும் ஆண் 97 நிமிடமும் செலவிடுவதாகக் கண்டனர். ஐந்து மணிநேரம் உழைத்தவளை ‘வீட்டில் சும்மா இருக்கிறாள்’ என்னும் நம் நாவுக்கு இந்த எண்கள் சூடு போடட்டும்.

ஆகையால் நாம் வேண்டுவன சில. ஊசி பிடித்தலை மகனுக்கும் கற்பியுங்கள். தன் சட்டையின் பொத்தானைத் தானே தைக்க அறியாத ஆடவன், தன்னுரிமை பேசுவதில் பொருளில்லை. பேத்திக்குத் தையல் கற்பிக்கும்போது, அதைக் காரணங்காட்டிக் கணக்கையும் விஞ்ஞானத்தையும் அவளிடமிருந்து பறியாதீர்கள். ஊசி அவளுக்குக் கருவியாகட்டும், கால்விலங்காக வேண்டாம். விற்கும் வேலைக்கு நியாயமான கூலி கொடுங்கள். கொடையாக வந்ததை யார் செய்தது, எந்த ஆண்டு செய்தது, எந்தப் பிள்ளைக்குச் செய்தது என்று குடும்பத்தில் ஒருவராவது எழுதிவையுங்கள். நகைக்குச் சீட்டு வைத்திருக்கும் வீட்டில் இதற்கொரு தாள் இல்லையா? முதியோர் பார்வை மங்குமுன்னே அவரிடமிருந்து அக்கலையைக் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். பின்னலில் ஒரு கண்ணி நழுவினால் கீழ்வரிசைகளெல்லாம் அவிழ்வதைப்போல, ஒரு தலைமுறை கல்லாது விட்டால் முன்னைத் தலைமுறைகளின் கைத்திறன் முழுதும் அவிழ்ந்துபோகும்.

தையல் என்ற சொல்லுக்கு நம் முன்னோர் இரு பொருள் வைத்தனர். ஒரு பொருளை உடுத்திக்கொண்டு மற்றொரு பொருளை ஒடுக்கிவைத்தது நேற்றைய நீதி. இரண்டையும் ஒருங்கே உயர்த்துவது இனி நம் கடன்.